எண்ணாமல் வாங்கிய பை

மகாராணிக்கு வேலை, கொடைக்கானல் ஏரிப்பக்கத்தில் ஒரு ஹோட்டல் லாண்டரியில். பதினோரு வருடமாகிறது. அறைகளிலிருந்து துணிப்பைகள் வரும். ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு. எத்தனை உருப்படி என்று தங்க வந்தவர் எழுதியிருப்பார். அந்தச் சீட்டை நம்பக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். பையைக் கவிழ்த்து எண்ணிய பிறகே அறை எண் போட்ட தட்டில் வைக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள் எண்ணாமல் வைத்துவிட்டாள். சீட்டில் ஐந்து, பையில் பன்னிரண்டு. தட்டு கொள்ளாமல் சரிந்ததில், 204-ஆம் அறை அம்மாளின் உள்பாவாடை 205-இல் தனியாகத் தங்கியிருந்த வாத்தியாரிடம் மடித்துத் தேய்த்துப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் முழுக்க அவளை ஈரத்துணி தூக்க விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் எண்ணாமல் எதையும் வாங்கியதில்லை.

வீடு நாயுடுபுரத்துச் சரிவில். கணவர் மகேந்திரன் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் வளைவு அத்தனையும் கைக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும். காலும் கேட்கும் என்று அவர் நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். எழுந்திருக்கப் பார்ப்பார், விழுவார். ஒருமுறை காலை ஒன்பதுக்கு விழுந்தவர், அவள் மதியம் வரும்வரை சிமெண்ட் தரையில் கிடந்தார். கொடைக்கானல் தரை. நெஞ்சில் சளி கட்டி எட்டு நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

கோயம்புத்தூரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் மகள் ரம்யா, உள்ளங்கையளவு கேமரா ஒன்றை வாங்கி அனுப்பினாள். அந்தச் சரிவுக்கு ஒயர் இழுத்து நெட் தர யாரும் வரவில்லை. சிம் போட்ட சின்ன டப்பா ஒன்றுதான். அதிலிருந்து காற்றுவழி கேமராவுக்கு. லாண்டரியில் நின்றபடியே மகாராணி போனில் கட்டிலைப் பார்க்கலாம். பதினோரு மணிக்கு அவர் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். அவள் பார்த்துவிட்டு அடுத்த பையைக் கவிழ்ப்பாள்.

பிறகு படம் நிற்கத் தொடங்கியது. அசையாமல் படுத்திருக்கும் ஆளுக்கும் நின்றுபோன படத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்காகவே கட்டிலுக்குப் பின்னால் விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்றை மாட்டினாள். மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வேலை நெருக்கத்தில் முள்ளைக் கவனிக்கவில்லை. ஆள் தூங்குகிறார் என்று நிம்மதியாக இருந்தாள். ஒரு மணிக்குப் பார்த்தபோதும் கடிகாரத்தில் பதினொன்று பத்து. வீட்டுக்கு ஓடினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். நல்லவேளை, போர்வையையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தார்.

ஹோட்டலில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிரசாந்த், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான்.

"கேமராவுக்குள்ள வைஃபையைக் கவனிக்கிற டிரைவர்னு ஒரு புரோகிராம் இருக்குக்கா. கோளாறு அதுலதான்."

"எங்க வீட்டு டிரைவர் மாதிரி அதுவும் படுத்துருச்சாக்கும்?"

"கேளுங்கக்கா. சுத்துப்பக்கம் இருக்கிற வைஃபை டப்பா எல்லாம், நான் இங்க இருக்கேன்னு காத்துல சீட்டு வீசிக்கிட்டே இருக்கும். எவ்வளவு பெரிய சீட்டுன்னும் அதுலயே எழுதியிருக்கும். நம்ம டிரைவர் தட்டு கொள்ளுமான்னு பாக்காம அப்படியே வாங்கி வைக்குது. பெரிய சீட்டா வந்துச்சுன்னா..."

"பக்கத்துத் தட்டுல சரியும்."

"அதேதான். பக்கத்துத் தட்டுல இருக்கிறது கேமராவோட புத்தி. கலங்கி நின்னுருது."

மகாராணி கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். "எண்ணாம வாங்குனது எவ?"

"எவளோ, எவனோ. எந்த ஊர்ல உக்காந்து எழுதுனாங்களோ."

"இங்க வந்திருந்தா ஒரு வாரம் ஈரத்துணி தூக்க விட்டிருப்பாக. சரி, திருத்த மாட்டாங்களா?"

"இந்த மாடலுக்கு இனிமே திருத்தம் கெடையாதுன்னு கம்பெனிக்காரன் எழுதிப் போட்டுட்டான்."

ரம்யா வேறு பெயரில் இன்னொரு கேமரா அனுப்பினாள். பிரசாந்த் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். மேல்பெயர்தான் வேறு, உள்ளே அதே சிப், அதே டிரைவர். மூடும்போது தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான்: "வெவரம் தெரிஞ்சவன் வேணும்னே அப்படி ஒரு சீட்டு வீசினான்னா கேமரா நிக்காதுக்கா. அவன் சொல்றதைக் கேக்க ஆரம்பிச்சிரும். ஒங்க வீட்டுக்குள்ள அவன் பாக்கலாம்."

"நம்ம பாஸ்வேர்டு அவனுக்கு வேணுமில்ல?"

"வேண்டாம். வாசல்ல நின்னாப் போதும்."

அந்தக் கட்டிலில்தான் அவரைத் துடைத்துத் துணி மாற்றுவது. அன்றிலிருந்து அந்த நேரத்தில் அவருடைய காக்கிச் சட்டையைக் கேமராவின் மேல் போட்டாள். முதல் நாள் மகேந்திரன் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னாள். கேமராவைக் கழற்றிவிடட்டுமா என்றும் கேட்டாள். அவர் இடது கையை நீட்டிச் சட்டையை மெல்ல இழுத்தார். கேமரா இருக்கட்டும் என்றா, கழற்றிவிடு என்றா, அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்கவும் மனம் வரவில்லை.

பெரிய சீட்டு வீசியது, வீட்டுக்கு மேலே உள்ள காட்டேஜில் புதிதாக மாட்டிய வைஃபை டப்பா என்று பிரசாந்த் கண்டுபிடித்தான். ஆள் தங்கும் சனி ஞாயிறில் மட்டும் ஓடும். மகாராணி மேலே ஏறிப்போனாள். காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் சிவமுருகன் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"ஒங்க டப்பாவால எங்க கேமரா நிக்குதுப்பா. பகல்ல மட்டும் கொஞ்சம் அணைச்சு வையேன்."

"ஒயரே கெடையாது, எப்படிக்கா நிக்கும்? காத்தை நிறுத்தச் சொல்றீங்களா?"

"ஒன் டப்பா மேல தப்பில்ல. எங்க கேமராதான் எண்ணாம வாங்குது."

"என்னத்தை எண்ணாம வாங்குது?"

அவள் சொல்லிப் பார்த்தாள். பை, தட்டு, சீட்டு எல்லாம் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். "அக்கா, வைஃபை இல்லைன்னா ஒருத்தன் வண்டியை விட்டு எறங்க மாட்டான். ஓனர் என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு. அண்ணனைப் பாக்க வேணும்னா நான் அப்பப்ப எறங்கி வாரேன்." சொன்னபடி இரண்டு தடவை வந்தான். பிறகு சீசன் கூட்டம். அவனைக் குறை சொல்ல முடியாது.

கடைசியாக அவர்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். மகேந்திரனின் சட்டைப்பையில் போன் இருக்கும். படம் நின்றால் அவள் கூப்பிடுவாள். அவர் இடது கையால் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கட்டில் பலகையில் ஒரு தட்டு தட்டுவார். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று வாரம் இது ஓடியது.

நான்காவது ஞாயிறு, பதினோரு மணி. அவர் கையைத் தூக்கினார். பாதி தூக்கிய கை அப்படியே நின்றது. விநாடி முள்ளும் நின்றது. மகாராணி கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். ஏரியைச் சுற்றி வண்டிகள் நகராமல் நின்றன. நடந்தால் முக்கால் மணி நேரம். மூன்றாவது முறை எடுத்தார்.

"ஏங்க, தட்டுங்க."

பின்னால் டிரையர் உருண்டுகொண்டிருந்தது. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அடுக்கிய போர்வைகளுக்கு நடுவே தலையை நுழைத்தாள்.

தட்டுச் சத்தம் கேட்டது.

பலகையா, சிமெண்ட்டா?

"இன்னொருக்கா தட்டுங்க," என்றாள். "கொஞ்சம் பலமா. ஏங்க, இன்னொருக்கா."