பழைய ஜீப்பில் சிரக்யூஸ்: பனியில் 250 மைல்

சின்னு, உன் ஜீப்பை நான் தனியாக சிரக்யூஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போன கதையைப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நீயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருப்பாய். நீ இல்லை. அதனால் எனக்கு வருகிற மாதிரி நானே எழுதுகிறேன்.

சின்னு என் தம்பி. ஜெர்சி சிட்டியில் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, ரயிலில் மன்ஹாட்டன் போய் ஒரு பேங்கில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். அவன் மனைவி கவிதா சிரக்யூஸில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஆனால் அவன் அங்கே கிளம்பிவிடுவான். அந்த ஊரில் கொட்டுகிற பனிக்காகவே 1984 மாடல் ஜீப் ஒன்றை வாங்கினான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. 1997 அக்டோபரில் மாரடைப்பு வந்து போய்விட்டான். முப்பத்தொரு வயசு. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுத வராது.

கவிதா அப்போது ஆறு மாசம். தலைப்பிரசவம் பார்க்க அவள் அம்மா வருவதாக இருந்தது. சென்னையில் இரண்டு தடவை போய் நின்றும் விசா கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டேன். "அவர் சட்டை தொங்கற வீட்டுல என்னால இருக்க முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டாள். அங்கே இரண்டாவது மாடியில் தனியாக இருந்தாள். கார் ஓட்டத் தெரியாது. ஆஸ்பத்திரி ஒன்பது மைல். போன் செய்தால் "ம்", "சரிக்கா" இந்த இரண்டு வார்த்தைதான். பஸ்ஸில் நான் போய் இறங்கலாம், ஆனால் வலி வந்தால் எதில் கூட்டிப் போவது? வண்டியோடு போனால்தான் உண்டு என்று முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரர் ஹோட்டலில் சமையல் மாஸ்டர். அவருக்கு லைசென்ஸ் இல்லை. எனக்கு உண்டு, தம்பி விடாமல் பிடித்துக் கற்றுக்கொடுத்தது.

"ஏம்புள்ள, கடைக்குப் போறதுக்கே நாலு தடவ ரிவர்ஸ் எடுக்கற. நீ மலை தாண்டிப் போறியா?"

"அப்ப நீங்க போங்க."

"நான் போனா தள்ளிக்கிட்டுத்தான் போகோணும்."

இப்படிச் சொன்னாலும் மறுநாள் அவரே என்னோடு மெக்கானிக் ஷாப்புக்கு வந்தார். வண்டி மூன்று மாசமாகத் தெருவோரம் நின்றிருந்தது. மெக்கானிக் போலந்துக்காரர், ஸ்டான் என்று பெயர். முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சினார். குழாய்க்குள் நாலைந்து உருண்டைகள் இருக்கும். உறையாத மருந்து சேர்ந்திருந்தால் உருண்டை மேலே மிதக்கும். ஒன்றுகூட அசையவில்லை.

"இதுல யார் தண்ணி ஊத்துனது?" என்று கேட்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். நம்ம ஊரில் லாரிக்காரர் முதல் எல்லாரும் ரேடியேட்டரில் தண்ணீர்தானே ஊற்றுகிறோம், நல்ல காரியம் என்று நினைத்து வாரம் ஒரு சொம்பு ஊற்றியிருக்கிறார்! அந்த வருஷம் குளிர் அவ்வளவாக இல்லாததால் என்ஜின் பிழைத்தது. கடுங்குளிர் ஒரு ராத்திரி அடித்திருந்தால், தண்ணீர் உறைந்து இரும்பே வெடித்திருக்கும் என்றார் ஸ்டான். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, பாதி மருந்து பாதி தண்ணீர் கலந்து ஊற்றினார். கண்ணாடி கழுவுகிற டப்பாவிலும் வெறும் தண்ணீர்தான். அதையும் கொட்டிவிட்டு நீல மருந்து ஊற்றினார். பேட்டரி புதுசு, வைப்பர் புதுசு, என்ஜின் பெல்ட் புதுசு, கியர் ஆயில் மாற்றம். பின் டயர் இரண்டும் தேய்ந்திருந்ததால் பனி டயர் போட்டார். எல்லாம் சேர்த்து 310 டாலர். கடைசியில் முன் சக்கரத்தைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. "யெஸ், யெஸ்" என்றேன். புரியாவிட்டால் யெஸ் சொல்லாதீர்கள். என் பயணத்தில் வந்த கஷ்டம் எல்லாம் அந்த யெஸ்ஸால் வந்ததுதான்.

ஜனவரி மூன்றாம் வாரம், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். பின் சீட்டில் பூண்டு, கருப்பட்டி, சுக்கு, பிரசவ லேகியம், சுக்கு இடிக்க ஒரு குட்டி உரலும் இரும்பு உலக்கையும். 80ஆம் நம்பர் ஃப்ரீவேயில் மேற்கே போய், 380இல் ஏறினால் மலை. அதுவரை ரோடு காய்ந்துதான் இருந்தது. ஸ்க்ராண்டனில் 81ஆம் நம்பர் பிடித்ததும் பனி தூற ஆரம்பித்தது. நாற்பது மைல் வேகத்துக்கு மேல் நான் போகவில்லை. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயிருக்கும். போகட்டும்.

பிங்கம்டன் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு மைலில் பெட்ரோல் போட இறங்கினேன். திரும்ப ஃப்ரீவேக்கு ஏறுகிற பாதை கொஞ்சம் மேடு. பனி கணுக்கால் அளவு. நாலு சக்கரம் இழுக்கிற சின்ன கியரைத் தம்பி சொல்லிக்கொடுத்தபடி போட்டேன். பின் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பிரேக்கை விட்டால் பின்னால் வழுக்குகிறது. மெல்ல மெல்லப் பின்னாலேயே இறக்கி, மறுபடி பெட்ரோல் ஸ்டேஷனிலேயே நிறுத்தினேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தம்பியோடு இந்த வழியில் நான் நாலைந்து தடவை போயிருக்கிறேன். பனி ஆரம்பித்ததும் ஓரமாக நிறுத்தி இறங்குவான். ஒரு முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நடுவில் கை வைத்துக் கொஞ்ச நேரம் இருப்பான். அப்புறம் மற்ற சக்கரம். பனி முடிந்து காய்ந்த ரோடு வந்ததும் மறுபடி இறங்கி அதே மாதிரி. கோயில் வாசல் மிதிக்காதவன், சாமி இல்லை என்று என்னோடு சண்டை போடுகிறவன், வண்டிச் சக்கரத்தையாவது தொட்டுக் கும்பிடுகிறானே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். போகும்போது வேண்டுதல், போய்ச் சேர்ந்ததும் நன்றி. கேட்டால் வெட்கப்பட்டு விட்டுவிடுவானோ என்று நான் கேட்டதே இல்லை.

அதனால் நானும் இறங்கினேன். இரண்டு முன் சக்கரத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கருப்பராயா, புள்ளத்தாச்சி தனியா இருக்கிறாள், கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று மனசார வேண்டினேன். மறுபடி மேடேறினேன். மறுபடி வழுக்கி வந்து சேர்ந்தேன்.

பெட்ரோல் ஸ்டேஷன் சுவரில் இருந்த போனில் காசு போட்டுக் கவிதாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, எங்க இருக்கீங்க? எனக்கு காலைல இருந்து இடுப்பு வலி. விட்டு விட்டு வருது."

அவசரமாக இன்னும் கொஞ்சம் காசு போட்டேன். "வண்டி மேடு ஏற மாட்டேங்குது கண்ணு. சின்ன கியரும் போட்டுட்டேன். தம்பி பண்ற மாதிரி சக்கரத்தக்கூட கும்பிட்டுட்டேன்."

"என்ன பண்ணினீங்க?"

"முன் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். அவன் எறங்கி வேண்டிக்குவானல்லோ?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது பாருங்கள். மூன்று மாசமாக "ம்" தவிர ஒன்றும் சொல்லாத பெண், மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறாள்.

"அய்யோ அக்கா, அது சாமி இல்ல, ஹப் லாக்! சக்கரத்து நடுவுல ஒரு திருகு இருக்கும். அதை லாக் பண்ணினாத்தான் முன் சக்கரம் இழுக்கும். அவரு அதைத் திருப்புவாருக்கா! வேண்டிக்கிறதா, அவரா!"

"அட நாசமாப் போனவனே! இத்தன வருஷம் என்னை ஏமாத்திட்டானே!"

"என்னைச் சிரிக்க வைக்காதீங்கக்கா, வயிறு புடிக்குது." சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. நானும் பெட்ரோல் ஸ்டேஷன் சுவரில் சாய்ந்து அழுதேன். அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வலது பக்கமாத் திருப்புங்க. ரெண்டு சக்கரமும். சீக்கிரம் வாங்க" என்றாள்.

சேறு அப்பி மூடியிருந்ததைச் சுரண்டினேன். உள்ளங்கை அளவு வட்டம், நடுவில் பிடித்துத் திருப்ப ஒரு மேடு. இடது சக்கரத்தில் திரும்பிவிட்டது. வலது சக்கரத்தில் இறுகிக் கிடந்தது. சுக்கு இடிக்கிற உலக்கையை எடுத்து வந்து, துணியைச் சுற்றி நாலு தட்டு தட்டினேன். டக்கென்று திரும்பிவிட்டது. சின்ன கியர் போட்டு ஏறினேன். வண்டி மாடு மாதிரி நிதானமாக மேடேறியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா, அப்பாடா" என்று சத்தமாகவே சொன்னேன். அங்கிருந்து சிரக்யூஸ் அறுபது மைல். இரண்டு மணி நேரம் ஆனது. கவிதா கோட்டு போட்டுக்கொண்டு, பையோடு, கீழ் வாசலிலேயே நின்றிருந்தாள். நேராக ஆஸ்பத்திரி. மறுநாள் காலை பெண் குழந்தை, ஏழு பவுண்டு, நல்ல தொண்டை. குழந்தையைக் கையில் வாங்கியதும்தான் என் முதுகு வலித்தது எனக்கே தெரிந்தது.

பழைய நாலு சக்கர வண்டியில் பனிக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரேடியேட்டர் மருந்தைக் குளிருக்கு முன்பே சோதித்துவிடுங்கள். முன் சக்கரத் திருகு உள்ள வண்டியாக இருந்தால் வீட்டு வாசலிலேயே இரண்டு தடவை திருப்பிப் பழகுங்கள், இறுகாமல் எண்ணெய் விடுங்கள். காய்ந்த ரோட்டில் நாலு சக்கர கியரை எடுத்துவிடவும், இல்லையென்றால் வளைவில் வண்டி முறுக்கும், உள்ளே உடையும். நாலு சக்கரம் மேடேறத்தான் உதவும், பிரேக் போட உதவாது. பனி உருக ரோட்டில் உப்புத் தூவியிருப்பார்கள்; ஊர் திரும்பியதும் அடிப்பக்கம் ஒட்டிய அந்த உப்பைக் கழுவுங்கள், கழுவாவிட்டால் இரும்பைத் தின்றுவிடும். கும்பிடுவதும் கும்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் திருகைத் திருப்பிவிட்டுக் கும்பிடுங்கள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. கவிதா படிப்பு முடித்து இப்போது டெக்ஸாஸில், சுகர் லேண்டில் வேலை பார்க்கிறாள். பாப்பாவுக்கு மூன்று வயசு, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். போன வாரம் கவிதா போனில் ரொம்ப நேரம் சுற்றி வளைத்தாள். அங்கே கூட வேலை பார்க்கிறவர் ஒருவர், கடலூர்க்காரர், பாப்பாவிடம் ரொம்பப் பிரியமாம். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். "நீங்க வேண்டாம்னா வேண்டாம்க்கா. உங்ககிட்டதான் நான் கேக்க முடியும்" என்றாள். இதை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றாள்.

பொங்கலன்று பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். என் மனசில் ஒரு பதில் இருக்கிறது. ஆனாலும் உன்னைக் கேட்காமல் சொல்ல வாய் வரவில்லை. சின்னு, அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?