இடது காதில் சேர்ந்த தண்ணீர்

என் இடது காது வலது காதைவிட அதிகமாக வேர்க்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மனைவி நம்பினாள், அதுவும் ஹெட்போனைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டிய பிறகு. இடது பக்கக் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை உற்றுப் பார்த்துவிட்டு, "காதுல இன்னா கொழாய் வச்சிருக்கீங்களா?" என்றாள்.

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. காதின் பின்புறம் தோல் ஊறி வெளுத்திருந்தது. கிணற்றில் முங்கி எழுந்தவனுக்குக் கேட்கிற மாதிரி எல்லாக் குரலும் கலங்கலாகக் கேட்டது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் அந்த இரண்டு கிண்ணத்துக்குள்தான் என் தலை இருந்தது.

வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு டைப் அடிப்பது என் வேலை. ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். நைனாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகு அது சரிப்படவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். டேனரியில் தோல் பதப்படுத்துகிற டிரம் ஓட்டியவர், ஊரையே கூப்பிடுகிற குரல். வாதம் அந்தக் குரலையும் எடுத்துக்கொண்டது. ஒரு 'ஆ' மட்டும் மிச்சம், அதுவும் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

என் மனைவி ஷூ கம்பெனியில் லைனிங் தைக்கிறவள். வேலையை விட்டுவிட்டு நைனாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆபீஸில் கேட்டு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். "நீ போ. நைனாவ நான் பாத்துக்கறேன். ஆறு அடி தள்ளிதான இருக்கப் போறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அவளும் அந்த வார்த்தையை நம்பித்தான் தினமும் காலையில் கம்பெனி பஸ் ஏறினாள்.

அனுமதி கொடுத்த ஆபீஸ் நிபந்தனையும் போட்டது. அடுத்தவர் வியாதி விவரம் என்பதால் தனி அறையில் உட்கார வேண்டும், கதவைச் சாத்தியிருக்க வேண்டும், அவர்கள் கொடுக்கிற பெரிய ஹெட்போனைத்தான் போட வேண்டும். எங்கள் வீட்டில் தனி அறை என்றால் நடு ரூம்தான். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் கிடையாது. முன்னால் ஹால், அங்கே நைனாவின் இரும்புக் கட்டில்.

முதல் நாள் போவதற்கு முன் என் மனைவி ஒரு சோதனை வைத்தாள். நைனாவின் இடது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தாள். இரண்டு தட்டு தட்டினால் தண்ணீர், மூன்று தட்டினால் பாத்ரூம். நான் உள்ளே கதவைச் சாத்தி, ஹெட்போன் போட்டு, ஒரு டாக்டரைப் பேசவிட்டு உட்கார்ந்தேன். நைனா கட்டில் கம்பியில் தட்டினார். "கேக்குதா?" என்று கதவைத் திறந்து கேட்டாள். கேட்டது. டண், டண், டண் என்று சுத்தமாகக் கேட்டது. நைனாவே கோணல் வாயால் சிரித்தார்.

அது மாசி மாதம்.

சித்திரை பிறந்ததும் அந்த ரூம் அடுப்பாகிவிட்டது. ஃபேன் சூட்டைக் கலக்கிவிட்டதே தவிர குறைக்கவில்லை. ஒரு கூலர் வாங்கி வைத்தேன், தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற வகை. ஜன்னல் இல்லாத அறையில் கூலர் வைக்கக்கூடாது என்பது கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. காற்று குளிர்ந்துதான் வந்தது. ஆனால் வந்த ஈரம் வெளியே போக வழி இல்லை. சுவர் பிசுபிசுத்தது, பேப்பர் துவண்டது. ஹெட்போனின் வெளிப்பக்கம் ஜில்லென்று இருக்கும், உள்ளே என் காது கொதிக்கும். ஐஸ் தண்ணீர் சொம்புக்கு வெளியே வேர்க்கிற மாதிரி இதற்கு உள்ளே வேர்த்தது. காதுக்கு நேராக இருக்கிற சின்னக் கம்பி வலையில் பொடிப்பொடியாகத் தண்ணீர் நிற்கும். கூலர் இடது பக்கம் இருந்ததால்தான் இடது காதுக்கு ஜாஸ்தி என்று பிறகுதான் புத்திக்கு எட்டியது.

கர்ச்சீப் கிழித்து ஒட்டிப் பார்த்தேன், நழுவியது. பவுடர் போட்டேன், மாவாகக் குழைந்தது. என் மனைவி அவள் தொழில் வழக்கப்படி ஒரு வைத்தியம் சொன்னாள். ஷூ டப்பாவுக்குள் ஈரம் இழுப்பதற்கு ஒரு சின்னப் பாக்கெட் போடுவார்கள் இல்லையா, வீணான டப்பாக்களிலிருந்து கேட்டு வாங்கி ஏழெட்டுக் கொண்டுவந்தாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஹெட்போனையும் பாக்கெட்டுகளையும் பெரிய டிபன் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். காலையில் மொரமொரவென்று இருக்கும். பத்து மணிக்குள் மறுபடி நனைந்துவிடும்.

கூலரின் இரைச்சலை மீறி டாக்டர் குரல் கேட்க வேண்டும். அதனால் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். டம்ளர் சோதனையை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பது பாதிப் பொய். நைனா கூப்பிடுவது குறைந்துபோனது எனக்கு வசதியாக இருந்தது. பதினோரு மணிக்கு டீ கொடுக்க வெளியே வருவேன், ஒன்றரைக்குச் சாப்பாடு. சில நாள் லுங்கி நனைந்திருக்கும். அடக்க முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டு மாற்றிவிடுவேன். "நைனா இப்பல்லாம் ரொம்ப கூப்டறதில்ல. பழகிட்டாரு" என்று நானே என் மனைவியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள்.

வைகாசியில் ஒரு நாள். அன்றைக்கு வேலை குவிந்து கிடந்தது. பதினோரு மணிக்கு டீ வைத்து அந்த டம்ளரிலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கிற வரைக்கும் நிற்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஒன்றரை ஆனது தெரிந்தது. இன்னும் ஒரு ஃபைல், இன்னும் ஒரு ஃபைல் என்று உட்கார்ந்தேன். ஒரு டாக்டர் மூக்கால் பேசிக்கொண்டே போனார். நடுவில் இடது காதில் கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. தண்ணீர் உள்ளே இறங்கி அந்தப் பக்கம் செத்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஹெட்போனையும் ஆபீஸையும் கூலர் விற்றவனையும் சேர்த்துத் திட்டினேன். வெயிலில் வைத்துக் காயவைக்கலாம் என்று அதைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். மணி இரண்டரை.

நைனா தரையில் கிடந்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், வலது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. டம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. அவர் இடது கையால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். வெறும் உள்ளங்கை, அதில் சத்தமே வரவில்லை. எவ்வளவு நேரமாகத் தட்டினாரோ, கை ஓரம் சிவந்து கன்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினார். கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது ஒரு சின்ன ஆச்சரியம், நான் வீட்டில்தான் இருந்தேனா என்பது மாதிரி.

தூக்கி உட்காரவைத்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. லுங்கி மாற்றி, உடம்பு துடைத்து, சோறு பிசைந்து ஊட்டினேன். அவர் நன்றாகவே சாப்பிட்டார். பிறகு கூலரை நிறுத்தி, கதவைத் திறந்தே போட்டு, ஒற்றைக் காதால் மிச்ச வேலையை முடித்தேன்.

என் மனைவி ஆறு மணிக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். பயத்தில் முந்திக்கொண்டேன். "நைனா கட்டில்லேர்ந்து லேசா சறுக்கிட்டாரு. ரெண்டரை இருக்கும். சத்தம் கேட்டு ஒடனே போய்த் தூக்கிட்டேன்."

"அடி பட்டுச்சா?"

"இல்ல. நல்லா சாப்ட்டாரு."

அவள் நைனாவின் தோளையும் இடுப்பையும் தொட்டுப் பார்த்தாள். சிவந்த கையைத் திருப்பிப் பார்த்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு டம்ளரை எடுத்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். அப்புறம் ஒரு துணியை நனைத்து எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். எதுவும் கேட்கவில்லை. நைனாவுக்கோ வாய் இல்லை. நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிம்மதியாக இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

டிபன் டப்பா வைத்தியத்தில் ஹெட்போன் இரண்டு நாளில் பிழைத்துக்கொண்டது. நான் மறுபடி கதவைச் சாத்தினேன், கூலரைப் போட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து பார்ப்பது என்று சங்கல்பம். முதல் வாரம் நடந்தது. அதற்குமேல் அரை மணி முக்கால் மணியாக நீண்டது. எழுந்து போனால் வேலை நிற்கிறது, உட்கார்ந்தால் கதவுக்கு அந்தப் பக்கம் மனசு போகிறது. காதுக்குள் தண்ணீர் நின்ற மாதிரி நானும் அந்த ரூமில் நின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் ஹெட்போன் மெத்தையின் உறை உரியத் தொடங்கியது. கறுப்புச் செதில்கள் கன்னத்திலும் காது மடலிலும் ஒட்டின. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அதைக் கையில் எடுத்து நகத்தால் சுரண்டினாள்.

"ரெக்சினு. வேர்வையக் குடிக்கவும் குடிக்காது, வெளிய உடவும் உடாது. அது எங்கதான் போவும், பாவம்?" என்றாள்.

அவள் பையிலிருந்து ஒரு துண்டுத் தோல் எடுத்தாள். ஷூவுக்கு உள்ளே வைக்கிற ஆட்டுத்தோல் லைனிங், வெட்டியதில் மிஞ்சியது. மேஸ்திரியிடம் சொல்லி வாங்கி வந்திருந்தாள். அதை உதட்டில் அழுத்தி ஊதினாள். "அந்தாண்ட கைய வைங்க." வைத்தேன். என் உள்ளங்கையில் லேசாகச் சூடு தெரிந்தது. "பாத்தீங்களா, காத்து உடுது. இதுல ஓட்டையே போடத் தேவையில்ல. நாங்க லைனிங்குக்கு ஓட்டை போடவே மாட்டோம்." நியூஸ்பேப்பரில் அளவு எடுத்து, பழைய மெத்தைகளையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்த இரண்டு நாளும் துணி சுற்றிய ஹெட்போனோடு வேலை செய்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து மாட்டினாள். அழகான தையல். மெத்தையின் வெளிப்பக்கம் நெடுக வரிசையாகப் பஞ்ச் அடித்த ஓட்டைகள், பட்டாணி அளவு. விரலால் நெருடிப் பார்த்தேன். உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சையும் சேர்த்துக் குடைந்திருந்தாள்.

போட்டுப் பார்த்தேன். காது மூச்சு விட்டது, உண்மைதான். ஆனால் ஹெட்போன் ஹெட்போனாக இல்லை. தெருவில் போகிற ஷேர் ஆட்டோ கேட்டது. அடுத்த வீட்டு மிக்ஸி கேட்டது. டாக்டர் குரல் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இன்னா வேலை பண்ணி வச்சிருக்க? வெளிச் சத்தம் மொத்தமும் உள்ள வருது. ஒரே பேஜாரா இருக்குது. நீதான ஓட்டையே தேவையில்லன்ன?"

அவள் நைனாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தவில்லை.

"காத்துக்கு தேவையில்லதான்" என்றாள்.

"அப்பறம் எதுக்கு?"

சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினாள். குரலில் சூடு இல்லை. அன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"அன்னிக்கி கட்டிலுக்குக் கீழ நைனாவோட டீ கொட்டிக் கெடந்துச்சு. காஞ்சி கறையாப் போய், எறும்பு ஏறி எறங்கிக்கினு இருந்துச்சு. ரெண்டரைக்கு யாருங்க டீ குடிப்பாங்க?"

பதினோரு மணியிலிருந்து இரண்டரை வரை எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நைனா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் சுருட்டிய முடியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் காலையில் அவள் பஸ் ஏறிய பிறகு கதவைச் சாத்தினேன். கூலரைப் போடவில்லை. ஹெட்போனை மாட்டி, ஒரு ஃபைலைத் திறந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஓட்டைகள் வழியாக வந்தது, டண், டண்.

சொம்பு எடுத்துக்கொண்டு ஓடினேன். நைனா தண்ணீர் குடிக்கவில்லை, தலையை ஆட்டினார். பாத்ரூமா என்று கேட்டேன், அதற்கும் தலையை ஆட்டினார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார். நான் உள்ளே போய் உட்கார்ந்து, நிறுத்திய இடத்திலிருந்து டாக்டரைப் பேசவிட்டேன்.

மறுபடி டம்ளர் சத்தம் கேட்டது. மறுபடி எழுந்து போனேன். இந்தத் தடவையும் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் வருகிறேனா என்று பார்த்தார்.