லுணுகலையில் என் கையில் தங்கிய ஸ்பானர்

கச்சான் காற்று இவ்வாண்டு சற்று முந்தியே எழுந்துவிட்டது. நண்பகலானதும் மேற்கிலிருந்து வட்டை வயல்களின் புழுதியையும் வைக்கோல் மணத்தையும் வாரிக்கொண்டு வாவியைத் தாண்டி வருகின்றது. சன்னற்கதவுகள் ஓயாமல் அடித்துக்கொள்கின்றன. எழுதிவைத்த தாள்கள் அறை முழுவதும் பறக்கின்றன. அவற்றை அடக்க நான் வைப்பது, இரு முனையிலும் வாய் பிளந்த ஒரு பழைய ஸ்பானர். இதற்குத் தூய தமிழில் ஒரு சொல்லை ஆக்கி, என் இளமையில் ஒருவரிடம் பெருமையோடு சொல்லிப் பார்த்ததுண்டு. “அதச் சொல்லி முடியிறதுக்குள்ள நட்டு கழண்டு விழுந்திரும் வாத்தியார்” என்றார் அவர். அன்று முதல் ஸ்பானர் என்றே எழுதிவருகின்றேன். நான் விட்டுக்கொடுத்த சொற்கள் மிகச் சில, அவற்றுள் இதுவொன்று.

அவ்வாறு சொன்னவர் ஆதம்பாவா முதலாளி. காத்தான்குடியைச் சேர்ந்தவர், நகரில் துவிச்சக்கரவண்டிக் கடை நடத்தினார். (ஈருருளி என்று நான் சொன்னபோது, “அது கடிக்குமா?” என்று கேட்டவரும் அவரே.) இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகள் அவை. ஆசிரிய நியமனம் வருமென்று காத்திருந்த நான், சீமையிலிருந்து உதிரிப் பாகங்களை வரவழைக்க அவருக்கு ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வராத நியமனத்தின் பெயரால் அக்கடையில் எல்லோரும் என்னை வாத்தியார் என்றே அழைத்தனர். டியூப் ஒட்டும் பசையின் நெடி இன்று எங்கு மூக்கில் ஏறினாலும் அந்தக் கடையின் பின்கட்டு கண்முன் வந்து நிற்கும். அதனோடு இலுப்பெண்ணெயின் மணமும் வரும். இலுப்பெண்ணெய் வந்தால் சாமித்தம்பியின் வலது முழங்காலும் வந்துவிடும்.

சாமித்தம்பி களுதாவளையான். என் வயதினன். வாவியில் பிடித்த மீனைக் கூடைகளில் கட்டி, வண்டியின் பின்னே ஏற்றி, கரடியனாற்றுக்குக் கொண்டுசென்று விற்றவன். நம் நாட்டுப்புறத்தின் தரை எத்துணைத் தட்டையானது என்பதை நீங்கள் அறிவீர்கள். கல்லடிப் பாலத்தின் ஏற்றத்தையே மலையென்று எண்ணி இறங்கித் தள்ளுவோர் அன்று பலர். ஆயினும் செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்பியவுடன் கச்சான் நேரே முகத்தில் அறையும். சுமையோடு அதனை எதிர்த்து மிதிப்பவனுக்கு வேறு மலை வேண்டியதில்லை.

முதலாளி தம் கடைக்கென ஓட்டக்காரன் ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். ஒருநாள் அவனைச் செங்கலடிப் பக்கம் பழக்கிக்கொண்டிருக்கையில், காற்றுக்குத் தாளாது அவன் இறங்கித் தள்ளத் தொடங்கினான். அவ்வேளை மீன்கூடைகளோடு ஒருவன் அவனைக் கடந்து போனான். முதலாளி வழிமறித்தார்.

“கூடைக்குள்ள என்னடா மனே?”

“செல்வனும் மணலையும் காக்கா” என்றான், அண்ணனை அழைக்கும் முறையில்.

“எவ்வளவு பாரம்?”

“பாரம் தெரியா. மீன் பழுதாப் போகுமெண்டு மட்டுந்தான் தெரியும். வழிய விடுங்க.”

மறுவாரமே சாமித்தம்பி கடைக்கு வந்துவிட்டான். நிபந்தனை ஒன்று இருந்தது. செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஒரு போட்டி நடக்கவிருந்தது. “மூணு பேருக்குள்ள வந்தியெண்டா நீ எண்ட கடையிட ஓட்டக்காரன். வராட்டி கூடையக் கட்டு” என்றார் முதலாளி. சாமித்தம்பி தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். “எத்தின தரம் தோய்ச்சாலும் போகுதில்ல வாத்தியார். மீன் மணக்காத சட்டையொண்டு போட்டுப் பாக்கோணும்.” இதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் அன்றிலிருந்து அவன் ஓரிடத்தில் உட்கார்ந்ததை நான் கண்டதில்லை. தேநீரையும் நடந்துகொண்டே குடித்தான்.

அக்காலத்து ஓட்டவண்டியின் நுட்பத்தைச் சிறிது சொல்ல வேண்டும். பின்சில்லின் ஒரு பக்கத்தில் சமதரைக்குரிய சிறு பற்சக்கரமும், மறுபக்கத்தில் ஏற்றத்துக்குரிய பெரும் பற்சக்கரமும் இருக்கும். மலையடிவாரத்தில் இறங்கி, ஸ்பானரால் நட்டைத் தளர்த்தி, சில்லைக் கழற்றி மறுபக்கமாகத் திருப்பிப் பூட்ட வேண்டும். ஏற்றம் முடிந்ததும் மீண்டும் அவ்வாறே. எங்கே திருப்புவது என்பதை முன்னரே அறிந்திருப்பவனுக்கே வெற்றி. அவ்விடங்களைக் கண்டு குறித்துவரும் பணி, எழுதத் தெரிந்தவன் என்ற காரணத்தால், என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

பேருந்தில் சென்றேன். பிபிலையில் ஏற்றம் தொடங்குவதைக் குறித்தேன். அதன்பின் வளைவுகள் தொடங்கின. மலைப்பாதையில் முன்பின் சென்றறியாத என் வயிறு ஒவ்வொரு வளைவிலும் என்னைக் கைவிட்டது. லுணுகலையைத் தாண்டிய ஒரு திருப்பத்தில் பாதை கீழ்நோக்கி இறங்கக் கண்டேன். ஏறினோம், இறங்குகிறோம், மலையென்பது அவ்வளவுதானே? அழகிய எழுத்தில், ‘ஈண்டு ஏற்றம் முற்றிற்று’ என்று எழுதினேன். எழுதிவிட்டு, எலுமிச்சங்காயை மூக்கில் வைத்துக் கண்ணை மூடியவன் பதுளையில்தான் விழித்தேன். இடையில் உறங்கிவிட்டேன் என்று எவரிடமும் சொல்லவில்லை. ஒரு மலைக்குப் பின்னே இன்னொரு மலை நிற்குமென்று வாவிக்கரையில் பிறந்த எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் தாளை யாரும் ஐயுறவுமில்லை.

போட்டி நாளன்று நான் லுணுகலைத் திருப்பத்தில் நின்றேன். முதலாவதாக வந்தவன் சாமித்தம்பி! சமதரையில் ஆறாவதாக வந்தவன், பிபிலையில் சில்லைத் திருப்பிய பின் ஐவரையும் கடந்திருக்கின்றான். மேடு கண்டதும் மற்றவர் தலை கவிழ, அவன் தலை நிமிர்ந்திருந்தது. வண்டி நிற்குமுன் குதித்தான்.

“முடிஞ்சிதா வாத்தியார்?”

“முடிஞ்சிது. இனி இறக்கந்தான்.”

என் கைகளும் அவன் கைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளச் சில்லைச் சிறு பல்லுக்குத் திருப்பினோம். தேவையற்ற பாரத்தை ஒரு கணமும் சுமக்காதவன் அவன். மீன் சுமந்த நாளில் செருப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போவான். ஸ்பானரை என்னிடம் எறிந்தான். “இனி இது என்னத்துக்கு?” இறக்கத்தில் மறைந்து போனான்.

பாதையோரத்தில் தேநீர் விற்றுக்கொண்டிருந்த தோட்டத்து மனிதரொருவர் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னங்க, பசறை மேட்டுக்கும் இந்தச் சின்னப் பல்லுலதான் போறாரா?” என்று கேட்டார்.

“எந்த மேடு?”

“இது என்னங்க மேடு! இனிமேத்தான் மலையே இருக்கு.”

ஸ்பானரைப் பிடித்தபடி ஓடினேன். வேட்டி காலைத் தடுக்கியது. மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பின்னால் வந்த ஓட்டக்காரர் ஒவ்வொருவராக என்னைக் கடந்தனர்; அவர்களுள் ஒருவரும் சில்லைச் சிறு பல்லுக்குத் திருப்பியிருக்கவில்லை. ஒருவன் என்னைப் பார்த்து, “ஓட்டத்துக்குச் சைக்கிள் வேணும் ஐயா!” என்று சிரித்துவிட்டுப் போனான். என் வாழ்நாளில் அன்று ஓடியது போல் எப்போதும் ஓடியதில்லை, பயன்தான் ஏதுமில்லை. பின்பு ஒரு லொறி இரங்கி ஏற்றிக்கொண்டது. பசறைக்கு ஏறும் ஒவ்வொரு வளைவிலும் வீழ்ந்து கிடக்கும் ஒருவனைத் தேடிக்கொண்டே சென்றேன். காணவில்லை.

பதுளையில் முதலாளி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என்னைத் தழுவினார்.

“ரெண்டாவது! வாத்தியார், ரெண்டாவது! எல்லாரும் பெரிய பல்லுல நொண்டி நொண்டி ஏறுறானுகள், இவன் சின்னப் பல்லுலயே ஏறிட்டான்டா! பதுளை சனமெல்லாம் இதத்தான் கதைக்கி!”

சாமித்தம்பி ஒரு மதகின்மேல் கால்களை நீட்டி அமர்ந்திருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. வலது முழங்கால் இளநீர்க் கோம்பை அளவுக்கு வீங்கியிருக்க, தசைகள் அடங்காமல் துடித்துக்கொண்டிருந்தன.

“ஸ்பானர் எங்க வாத்தியார்?”

“கையிலதான் இருக்கு.”

“வெச்சிக்கங்க. பத்திரம்.”

பேருந்தில் உறங்கியதைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அதற்குள் முதலாளி புதிய வெள்ளைச் சட்டையொன்றை அவன் தலைவழியே மாட்டிவிட்டார். அவன் அதை முகர்ந்து பார்த்தான். அந்நேரத்தில் சொல்ல மனம் வரவில்லை, பின்னரும் வரவில்லை.

அடுத்து வந்த நான்கு ஆண்டுகளும் அவனுடையவை. ஹப்புத்தளை, நுவரெலியா, கடுகண்ணாவை என மலை நிமிர்ந்த இடமெங்கும் எங்கள் தட்டைநாட்டான் முதலில் ஏறினான். மலைநாட்டார் அவனை எந்த மலையைச் சேர்ந்தவன் என்று கேட்பார்கள்; “கச்சான் மலை” என்பான். அவர்களும் தலையசைத்துக்கொள்வார்கள். நானும் பல போட்டிகளுக்குச் சென்றேன். ஆனால் ‘முடிஞ்சிதா’ என்று அவன் என்னிடம் பின்னொருபோதும் கேட்டதில்லை. எந்தப் பாதையாயினும் ஒரு கிழமை முன்னரே சென்று, தானே மிதித்துப் பார்த்து வந்தான். ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் அந்த வலது முழங்கால் வீங்கியது. முதலாளி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றடமிடுவார். நான் இலுப்பெண்ணெயைச் சூடாக்கிக் கொடுப்பேன். “மலை பழக்கமில்லாத கால், அதான்” என்பார் முதலாளி. நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பின்பு போர் வந்தது. டயர் வருவது நின்றது, போட்டிகள் நின்றன, பதுளைப் பாதையில் பட்டாள லொறிகள் ஓடின. அவனது முழங்காலும் அதற்குள் பாதியளவே மடங்கிற்று. சாமித்தம்பி மீண்டும் கூடையைக் கட்டினான்.

எனக்கு நியமனம் வந்து கரடியனாற்றில் ஆசிரியனாக இருந்த நாட்கள் அவை. இப்பொழுது நான் மெய்யாகவே வாத்தியார். ஒரு கச்சான் பகலில் பேருந்திலிருந்து இறங்கி நிற்கையில், எதிர்க்காற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். வலது காலை இழுத்திழுத்து வைத்தான். சட்டையில் மீன் மணம்.

“பஸ்ஸிலயா வந்தீங்க வாத்தியார்?” என்று பல் தெரியச் சிரித்தான். “நித்திர கொள்ளாம வந்து சேந்திட்டீங்களே!”

நான் அன்று உறங்கியதை அவன் அறிந்திருந்தான். அந்தப் பேருந்தின் சாரதி சொன்னானோ, வேறெவர் சொன்னாரோ. எப்போது அறிந்தான் என்பதையும் நான் அறியேன். நான்கு ஆண்டுகள் எண்ணெய் சூடாக்கிக் கொடுத்த கைகள் என்னுடையவை; அத்தனை நாளும் அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

“சாமித்தம்பி, நில். உன்னோட ஒரு கதை இருக்கு. அந்த லுணுகலையில...”

அவன் வெயிலை அண்ணாந்து பார்த்தான். கூடைமேல் போர்த்திருந்த ஈரச் சாக்கைத் தொட்டுப் பார்த்தான்.

“மீன் பழுதாப் போகும் வாத்தியார். மறுகா கதைப்பம்.”

பிறகு என்ற அச்சொல்லோடு தலையைக் குனித்துக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போனான். அந்த ஆண்டு மாரியில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று. செய்தி எனக்கு எட்டியது அடக்கமும் முடிந்த பின்னர்தான்.

முதலாளியின் கடை இருந்த இடத்தில் இன்று கண்ணாடி பதித்த கட்டடம். பதுளைப் பாதையை அகட்டிவிட்டார்கள். பிபிலையில் தொடங்கும் ஏற்றத்தைக் காரில் செல்வோர் உணர்வதேயில்லை. வண்டியை நிறுத்தி இறங்கிச் சில்லைத் திருப்புவாரும் இல்லை. விரலால் ஒரு தட்டு, பல் மாறிக்கொள்கின்றது. சென்ற மாதம் இந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு நகரில் வண்டி திருத்தும் கடையொன்றுக்குச் சென்றேன். ஏன் சென்றேன் என்று கேட்காதீர்கள். கச்சான் காலத்தில் கால்கள் என் சொற்கேட்பதில்லை. அங்கிருந்தவர் அதை வாங்கி, நான்கைந்து வண்டிகளின் நட்டுகளில் மாட்டிப் பார்த்தார். ஒன்றிலும் பொருந்தவில்லை.

“இந்த அளவில இப்ப நட்டு வாறல்ல ஐயா. என்னத்துக்கு இத வெச்சிருக்கீங்க?”

என் பின்னால் ஒருவர் பஞ்சரான வண்டியோடு நின்றார். இன்னொருவர் மணியை அடித்து அவசரப்படுத்தினார். “மறுகா சொல்லுறன் தம்பி” என்று ஸ்பானரை வாங்கிக்கொண்டு காற்றுக்குள் இறங்கினேன்.