மாமன் வீட்டு விலாசம்

சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. அன்று அவள் உடுத்தும் வெள்ளைக் கவுனைத் தாய்மாமன் எடுத்துத் தருவது எங்கள் குடும்ப வழக்கம். தபாலில் அனுப்ப நாள் போதாது. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி தன் கிரெடிட் கார்டு எண்ணைத் தொலைபேசியில் சொன்னான். திண்டுக்கல் பேருந்து நிலையம் அருகே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அமெரிக்கக் கடை ஒன்றின் இணையதளத்தில் கவுனைத் தேர்ந்தெடுத்தேன்.

கார்டுக்குரியவரின் விலாசம் கேட்ட இடத்தில் என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். சீர் மாமன் வீட்டிலிருந்துதானே போக வேண்டும் என்று நினைத்தேன்.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கையில் தங்கை பேசினாள். "என்னண்ணே, கவுன் இன்னும் வரலையே. இங்கயே ஒண்ணு எடுத்துரவா?"

அதைக் கேட்டபின் வீட்டில் இருக்க முடியவில்லை. சென்டருக்குப் போனேன். ஆர்டரை நிறுத்திவைத்திருப்பதாகக் கடை அனுப்பிய மின்னஞ்சல் ஒரு வாரமாகப் படிக்கப்படாமல் கிடந்தது. தம்பிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"கார்டு என்னுது, விலாசம் ஒன்னுதா? எவனோ திருடிட்டான்னு பேங்க்ல கார்டையே முடக்கிட்டாங்கண்ணே."

"மாமன் வீட்டு விலாசம் வேணாமாடா?"

"பேங்க்காரனுக்கு மாமன் சீரெல்லாம் தெரியுமாக்கும்."

அவனே வங்கியிடம் பேசிச் சரிசெய்தான். கவுன் விழாவுக்கு முந்தின நாள் மாலை போய்ச் சேர்ந்தது.

இப்போதெல்லாம் கார்டு யாருடையதோ அவர் விலாசத்தையே கொடுக்கிறேன். ஆர்டர் போட்ட மறுநாளே மின்னஞ்சலையும் பார்த்துவிடுகிறேன். பரிசோடு வைக்கும் வாழ்த்துச் சீட்டுக்கென்று ஆர்டர் பக்கத்தில் தனியே ஒரு கட்டம் இருக்கிறது. என் விலாசத்தைப் பின்கோடு வரை அதில் எழுதுகிறேன்.