பின்கண்ணாடி வரை நடந்தவர்

எங்கள் பெற்றோருக்குப் பிள்ளைகள் ஐவர். நான் இரண்டாமவன், தங்கச்சி கடைசி. எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது இடைவெளி. அறுபத்தெட்டு ஆண்டுகள் ‘நீ’ என்று பேசிய ஒருவரை ‘அவர்’ என்று எழுதுவது என் கைக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் இந்நினைவு மலரைப் பெறுபவர்களில் பாதிப் பேராவது அவரை ‘அன்ரி’ என்று மரியாதையாக அழைத்தவர்கள். அவர்கள் முன்னிலையில் ஒருமையில் எழுத மனம் வரவில்லை.

தங்கச்சி கரவெட்டியில் பிறந்து, உயர்தரம் வரை அங்கேயே படித்தார். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பதை அக்காலத்தில் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நில அளவையாளனாக வேலை பார்த்தவனுக்கு அவ்வளவு கர்வம் இருந்தது. திருமணமாகி, மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது கணவருடன் ரொறன்ரோ வந்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. அதில் என் குடும்பத்தையும் சேர்த்துப் பதினொரு பேர் இருந்தோம். அவருடைய இரண்டு மகள்மாரும் அங்கிருந்தபோதுதான் பிறந்தார்கள். சின்ன மகளுக்கு ஒரு வயது நிறையுமுன் மைத்துனர் வேலைத்தலத்தில் மாரடைப்பால் காலமானார். தங்கச்சிக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

அழுதது எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் முன்னால் அழவில்லை. மைத்துனர் போய் ஆறாம் மாதம் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தார். “பொம்பிளையள் ஓடுற சாமானே உது?” என்று கேட்ட உறவினர் மூவர். மூவரின் பேரப்பிள்ளைகளும் பிற்காலத்தில் தங்கச்சி ஓட்டிய பஸ்ஸிலேதான் பள்ளிக்குப் போனார்கள்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு ஓட்டுநர் எழுந்து, ஒவ்வொரு இருக்கையின் கீழும் குனிந்து பார்த்தபடி பஸ்ஸின் பின்முனை வரை நடக்க வேண்டும். பின்கண்ணாடியில் ‘பஸ் வெறுமை’ என்ற அட்டையைத் தொங்கவிட்ட பிறகே இறங்கலாம். தூங்கிப்போன பிள்ளை ஒன்று உள்ளே அகப்பட்டுவிடக் கூடாது என்பதற்கான விதி அது. தங்கச்சி இருபத்தொன்பது ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். விதி அவருடைய கால்களிலேயே ஊறிவிட்டது.

கோடைப் பயணங்கள் தொடங்கியது ஒரு பள்ளிக் கட்டுரையால். விடுமுறையில் எங்கே போனீர்கள் என்று எழுதச் சொன்னபோது என் மருமகன், தங்கச்சியின் மூத்த மகன், ‘மிசிசாகாவில் உள்ள மாமா வீட்டுக்கு’ என்று எழுதியிருந்தான். நான் அப்போது மிசிசாகாவில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அங்கேயே குடியிருந்தேன். என் வீட்டில் என்ன குறை என்று எனக்குச் சிறிது மனத்தாங்கல். தங்கச்சியோ அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து ஒரு குளிர்காலம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தத்தில் பழைய காம்பர் வண்டியொன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே அடுப்பு, மேசை, சாரதியின் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்முனையில் அகலமான கண்ணாடி. அவருக்குக் கோடையில் பஸ் ஓட்டமில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. வேறென்ன வேண்டும் என்றார்.

நான் ஒரு தாளில் ஆபத்துகளை எழுதிக் கொடுத்தேன். கரடி, மூஸ் மான், பிரேக், சில்லு, காய்ச்சல், அப்பென்டிக்ஸ் என்று பதினேழு. அவர் நின்றபடியே ஒவ்வொன்றாகப் படித்தார்.

“பதினெட்டாவதை விட்டிட்டியள் அண்ணை. ஒரு இடமும் பாக்காமல் பிள்ளையள் வளர்றது.” பிறகு தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “நீங்களும் வாங்கோ. ஓடேக்கை எனக்குப் பயப்பிட நேரமிராது. பயப்பிடுறதுக்கு ஒரு ஆள் வேணும்.”

அந்தப் பதவியை ஏற்று நான் பதினொரு கோடைகள் அவருக்கு அருகில் வரைபடத்துடன் அமர்ந்திருக்கிறேன். அவருடைய பிள்ளைகள் மூவர், என்னுடையவர்கள் இருவர், என் மனைவி. கிழக்கே கடல் வரைக்கும் நான்கு தடவை, மேற்கே மலை வரைக்கும் இரண்டு தடவை, மற்றவை சுப்பீரியர் ஏரிக் கரையோரம். காம்பருக்குள் புட்டு அவித்தோம். கட்டுச்சம்பல் போத்தல் ஒன்று வாவா என்ற ஊருக்கு அருகே உடைந்து, அந்த மணம் மூன்று மாகாணங்களுக்கு எங்களோடு வந்தது. நிற்கும் இடமெல்லாம் நான் பிள்ளைகளை எண்ணுவேன். “உவர் சோத்துப் பருக்கையையும் எண்ணிப்போட்டுத்தான் சாப்பிடுவார்,” என்பாள் என் மனைவி. நான் எண்ணி முடித்த பிறகு தங்கச்சி எழுந்து வண்டியின் பின்முனை வரை நடந்து, போர்வைகளைத் தூக்கிப் பார்த்து, பின்கண்ணாடியை உள்ளங்கையால் தொட்டுவிட்டு வருவார். பயண முடிவில் அந்தக் கண்ணாடியில் கை அடையாளம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும்.

இந்த இடத்தில் என் பிழையொன்றை எழுத வேண்டும். இதை எழுதாவிட்டால் தங்கச்சியைப் பற்றி எழுதியதாகாது.

மூன்றாம் கோடையில், எண்ணுவதற்கு வசதியாக ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியான செம்மஞ்சள் தொப்பிகள் வாங்கினேன். கூட்டத்தில் தூரத்திலிருந்தே தெரியும். அந்த யோசனையில் எனக்கு மிகுந்த பெருமை. சுப்பீரியர் ஏரிக்கரையில் தங்கியிருந்த ஒரு நண்பகலில், நீர்வீழ்ச்சி பார்க்க நடைபாதைக்குப் புறப்பட்டோம். காம்பரை மரமே இல்லாத வாகனத் தரிப்பிடத்தில் நல்ல வெயிலில் நிறுத்தியிருந்தோம். தங்கச்சி என் மனைவியுடன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். பிள்ளைகள் முன்னே ஓடினார்கள். நான் ஐந்து தொப்பிகளை எண்ணிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

தங்கச்சி வந்தார். “பின்னுக்குப் பாத்தனீங்களே?”

“எண்ணிப்போட்டன். அஞ்சும் முன்னுக்குப் போகுது.”

“திறப்பைத் தாங்கோ.”

எனக்குக் கோபம் வந்தது. “என்னிலை நம்பிக்கை இல்லையே உனக்கு?”

“உங்களிலை இருக்கு அண்ணை. திறப்பைத் தாங்கோ.”

கதவைத் திறந்து உள்ளே போனார். வழக்கம்போலப் பின்முனை வரை நடந்து கண்ணாடியைத் தொட்டார். திரும்பி வரும்போது சாரதிக்கு மேலிருந்த படுக்கையில் போர்வையை விலக்கினார். அங்கே நான்கு வயதுச் சின்ன மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமயிர் வியர்வையில் நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது. தங்கச்சி அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்து காம்பரின் நிழலில் இருத்தினார். பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். இரண்டு கோப்பை குடித்தாள். அவ்வளவுதான் நடந்தது. நாங்கள் போக இருந்த நடை இரண்டு மணி நேரம்.

மற்ற நால்வரையும் கூப்பிட்டோம். ஐந்து தொப்பிகள் திரும்பி வந்தன. ஐந்தாவது தொப்பியைக் கழற்றினால் பொன்னிறத் தலைமயிர். பக்கத்துக் கூடாரத்தில் தங்கியிருந்த கியூபெக் குடும்பத்துப் பிள்ளை அது. சின்னவள் தூங்குகிறாள்தானே என்று மருமகன் அவளுடைய தொப்பியைப் புதுச் சிநேகிதனுக்குப் போட்டுவிட்டிருக்கிறான்.

“நீங்கள் தொப்பியை எண்ணியிருக்கிறியள்,” என்றார் தங்கச்சி. ஏச்சு இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. அந்தப் பிள்ளையைத் தாயிடம் கூட்டிச் சென்று ஒப்படைத்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் காலை எல்லோரும் ஏறி அமர்ந்தோம். இனி எண்ணுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். தங்கச்சி திறப்பைக் கையில் வைத்தபடி முன்னே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, எண்ணுங்கோ.”

“எனக்கு ஏலாது. நீயே பார்.”

“நான் நடப்பன். நீங்கள் எண்ணோணும். ரெண்டும் வேணும். நீங்கள் எண்ணாட்டி வண்டி வெளிக்கிடாது.”

என் மனைவி, “எண்ணுங்கோவன் அப்பா, வெயில் ஏறுது,” என்றாள். நான் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பெயர் சொல்லி எண்ணினேன். ஐந்து. தங்கச்சி எழுந்து பின்முனை வரை நடந்து கண்ணாடியைத் தொட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்தார். பிறகு எட்டுக் கோடைகள் அப்படியே போனோம். நடந்ததை எந்த உறவினரிடமும் அவர் சொன்னதில்லை. இன்று நான்தான் சொல்கிறேன்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். மருமகன் யூனியன்வில்லில் பல் மருத்துவன். மூத்த மருமகள் ஆசிரியை. சின்ன மருமகள் கல்கரியில் பொறியியலாளர். ஐந்து பேருக்கும் இந்த நாட்டில் தெரியாத சாலை குறைவு. எங்கே போனாலும் வழி கேட்கத் தயங்காதவர்கள், சில்லுப் போனால் பதறாதவர்கள். அது தங்கச்சி போட்ட அத்திவாரம்.

சென்ற ஆண்டு அவருக்கு நோய் என்று சொன்னார்கள். ஒன்பது மாதங்கள். ஊசி மருந்து ஏற்றிய நாட்களிலும் “சின்ன இஞ்சின் வேலைதான், பாப்பம்,” என்று எங்களுக்கே தைரியம் சொன்னார். கடைசியில் மருத்துவமனை அறையில் ஒரு பிற்பகல் நாங்கள் எல்லோரும் சூழ நின்றோம். கண்களை மூடியபடியே கேட்டார்.

“அண்ணை, எண்ணினனீங்களே?”

“ஓம். பன்னிரண்டு பேர்.”

“பின்னுக்குப் பாத்தனீங்களே?”

எனக்கு விளங்கியது. அறையை விட்டு வெளியே வந்து, நடைவழியின் இருபுறமும் பார்த்துக்கொண்டு அதன் முனை வரை நடந்தேன். முனையில் ஒரு ஜன்னல், அதனடியில் ஒரு நாற்காலி. கல்கரியிலிருந்து வந்திறங்கிய சின்ன மருமகள், குளிர்கோட்டுடன், பெட்டி காலடியில் கிடக்க, தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அறை இலக்கம் தெரியாமல் எங்களுக்கு அழைத்திருக்கிறாள். யாரும் எடுக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை ஒரு தடவை தொட்டேன். பிறகு அவளை எழுப்பிக் கூட்டிவந்தேன்.

“பதின்மூன்று,” என்றேன்.

“இப்ப சரி,” என்றார் தங்கச்சி. மகளின் கையை அவர் விடவில்லை. இரண்டு நாட்களின் பின், விடிந்து வெளிச்சம் வந்தபோது அவர் போனார். பதின்மூன்று பேரும் அருகில் இருந்தோம்.

வருகிற கோடையில் சின்ன மருமகள் தன் இரண்டு குழந்தைகளுடன் ஒரு காம்பரில் சுப்பீரியர் ஏரிக்குப் போகிறாள். எனக்கு வயது எழுபத்தேழு. இடுப்பு, நீரிழிவு, அங்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று நான் பதினான்கு காரணங்கள் எழுதி வைத்திருக்கிறேன். இருந்தும் போகிறேன். எண்ண ஆள் வேண்டுமாம்.

ஒன்பது மாதங்களும் அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், தாதியர், வீட்டுக்கு உணவு கொண்டுவந்த அயலவர்கள், சீருடையோடு வந்து பிரேதப் பெட்டியைத் தூக்கிய பஸ் ஓட்டுநர்கள், கிரியைகளை நடத்திய குருமார், கடல் கடந்து வந்தவர்கள், தொலைபேசியில் அழுதவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. எண்ணித்தான் எழுதியிருக்கிறேன். ஆயினும் என் எண்ணிக்கை ஒரு தடவை தவறியது உங்களுக்கு இப்போது தெரியும். ஆகவே இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து எல்லோரும் எழும்பும்போது, மண்டபத்தின் கடைசி வரிசை வரை நான் நடந்து வருவேன். நன்றி சொல்லாமல் விடுபட்டவர் எவரேனும் இருந்தால், தயவுசெய்து இருந்த இடத்திலேயே இருங்கள்.