குப்பமே கையெழுத்துப் போட்ட கார்டியன்

என் தோழி இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று கேட்டதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மாப்பிள்ளை மேல் குறை ஒன்றுமில்லை. நொச்சிக்குப்பத்து மீன் கடைகளுக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறவர், தங்கமான மனிதர். தோழியும் அங்கே மீன் கடை வைத்திருக்கிறாள்; இவள் கடைக்கு மட்டும் ஐஸ் கொஞ்சம் கூடுதலாக விழும். என் கவலையெல்லாம் அவள் பெண்ணைப் பற்றி. புதிதாக ஒரு அப்பா வந்துவிட்டால் அப்புறம் நான் யார்?

நான் பட்டினப்பாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. தோழியின் முதல் கணவர் தவறிப்போய், அவளுக்கும் வயிற்றில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது பெண் பால்வாடி போய்க்கொண்டிருந்தாள். அம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, என்னைக் காட்டி, "எனக்கு இன்னா ஆனாலும் எம்பொண்ணு அக்காகிட்டதான் வளரணும்" என்றாள் தோழி. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். அவள் சொன்னதைப் பெரியவர்கள் பத்திரத்தாளில் எழுதினார்கள். குப்பத்தில் எந்தப் பேச்சு முடிந்தாலும் வீட்டுக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்கள். இடம் போதாமல் பின்பக்கமும் போட்டார்கள். நான் அதை லேமினேட் செய்து மிஷின் டிராயரில் வைத்துக்கொண்டேன்.

கடவுள் புண்ணியத்தில் அவள் பிழைத்துவந்தாள். ஆனால் விடிவதற்குள் மீன் எடுக்கப் போய்விடுவாள். தலை பின்னுவது, இட்லி ஊட்டுவது, பள்ளிக்கூடத்தில் டீச்சரோடு சண்டை போடுவது எல்லாம் நான்தான். நீங்கள் யார் என்று எவராவது கேட்டால், "கார்டியன்" என்று கெத்தாகச் சொல்வேன். காகிதம் இருக்கிற தைரியம்.

இந்தக் கல்யாணத்துக்குப் பிறகும் காகிதம் செல்லுமா? தோழியையே இழுத்துக்கொண்டு மயிலாப்பூர் வக்கீலம்மாவிடம் போனேன். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு சாட்சி போதும். நீங்க தெருவையே கூட்டிண்டு வந்திருக்கேள். அது போகட்டும், குழந்தையோட அம்மா கையெழுத்து எங்கே?"

தேடினோம். இல்லை. தோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கோயிலாண்ட வாயாலயே சொல்லிட்டேனே மேடம். அப்பால கையெழுத்து எதுக்கு?"

"அம்மா உயிரோட இருக்கறவரைக்கும் இதுக்கு வேலையே இல்லை. அவளுக்கு அப்புறம் யார்னு சொல்ற உயில் இது. உயில்னா எழுதினவ கையெழுத்து வேணும். அது இல்லேன்னா எத்தனை வருஷம் ஆனாலும் செல்லாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்போ இத்தினி வருஷம் நான் யாருங்க?" என்றேன்.

வக்கீலம்மா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "புதுசா எழுதிடலாம்மா. கல்யாணம் ஆனதும் கையெழுத்துப் போடட்டும். அம்மாவைக் கட்டிண்டவர்ங்கறதால மட்டும் அவர் கார்டியன் ஆயிட மாட்டார்" என்றார்.

அதே அம்மன் கோயிலில் தாலி ஏறியது. மாலையைக்கூடக் கழற்றாமல் தோழி புதுக் காகிதத்தின் முன் உட்கார்ந்தாள். "இந்த தபா மொதல்ல நீ போடும்மா" என்று குப்பமே கத்தியது. போட்டாள். முதல் சாட்சி யார் என்று நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளை. "எனக்கும் நிம்மதிதான்க்கா, பொண்ணுக்கு நீ கீற" என்று சொல்லிவிட்டுப் போட்டார். இரண்டாம் சாட்சி வக்கீலம்மா. மற்றவர்களை ஓரம்கட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவ்வளவு நாள் ஐஸ்காரர் மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பந்தியில் அவருக்கு இரண்டு தரம் பாயசம் ஊற்றினேன்.

பழைய காகிதத்தைக் குப்பையில் போடப் போனேன். இப்போது என் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட பெண் வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"செல்லாத பேப்பர வச்சிக்கினே என்ன வளத்துட்ட பெரிம்மா. நான் எங்கயும் போமாட்டேன்."

அம்மாவைப் போலவே வாயால் சொன்னாள். நானும் கையெழுத்துக் கேட்கவில்லை.