இருபது டிகிரிக் காற்று

இந்த ஊரில் கடைக் கதவு திறந்ததும் உச்சந்தலையில் சூடான காற்றைக் கொட்டுகிறார்கள். வெளிக்குளிர் உள்ளே நுழையாமல் இருக்க வாசலுக்கு மேலே ஒரு நீளப் பெட்டி. அதிலிருந்து காற்று தரையை நோக்கி அடிக்கும். ஸ்வீடனுக்கு வந்து ஏழு வருடமாகியும் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டுதான் ஓடுகிறேன். ராசிபுரத்துக்காரனுக்குச் சூடான காற்று தப்பித்து ஓட வேண்டிய சங்கதி. இவர்களோ அதன் அடியிலேயே நின்று, கையுறையைக் கழற்றியபடி சாவகாசமாகப் பேசுகிறார்கள். ஒருமுறை பின்னால் வந்த அம்மாள், "கழுத்து வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கப் போனால் சித்திரை மாதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பே இந்தக் காற்றுதான். குழாயிலிருந்து பாயும் காற்று ஒரு சூடான தட்டின்மேல் மோதினால் தட்டு எங்கே எவ்வளவு ஆறும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. மோதிய காற்று ஒழுங்காகப் பரவாது, சுழித்துக் கொந்தளிக்கும். மோதும் இடத்தில் தட்டு நன்றாக ஆறும். தள்ளிப் போகப் போகக் குறையும். பிறகு ஒரு வளையத்தில் மறுபடி நன்றாக ஆறும். அந்த வளையத்தைக் கணக்கில் வரவழைக்க மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். வந்த அன்று, கூட வேலை செய்யும் இங்ரிட் கேக் வாங்கித் தந்தார்.

அக்காவுக்கு இதில் புரிந்தது ஒன்றுதான்: தம்பி காற்றைப் பற்றிப் படித்தவன். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் அக்காவும் மாமாவும் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். பக்கச்சுவர் இல்லாத நீளமான ஷெட்டு, வரிசை வரிசையாகக் கூண்டுகள். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். போன ஏப்ரலில் வெயில் ஏறியபோது அக்கா கூப்பிட்டாள்.

"சாமி, பெரிய ஃபேனு நாலு வாங்கியாந்திருக்கறோம். எங்க வெச்சா கோழி தாங்கும்னு நீ சொல்லு. நீ சொல்றாப்புலயே வெச்சரலாம்."

ஆறு வருடத்தில் வீட்டிலிருந்து என்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷெட்டின் அளவெல்லாம் வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து, ஃபேனின் உயரம், தூரம், சாய்வு எல்லாவற்றையும் படம் போட்டு அனுப்பினேன். ஷெட்டின் இருபக்கமும் ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். என் கணக்கில் அது காற்றுக்குத் தடுப்பு. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன்.

"ஏஞ்சாமி, சாக்கு இருந்தாச் சில்லுன்னு இருக்குமே" என்று இழுத்தாள்.

"காத்து முழு வேகத்துல அடிக்கோணும்க்கா" என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி.

மறுநாள் அவளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பேச்சே இல்லை. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பல கூண்டுகளில் சாய்ந்து கிடந்தன. சாயங்காலம் அவளே பேசினாள்.

"கரண்டு போயிருச்சு சாமி. அதுக்கு நீ என்ன பண்ணுவ? உன் கணக்குல ஒண்ணும் தப்பில்ல."

சாக்கை மறுபடி கட்டிவிட்டதாகவும் சொன்னாள். செத்த கோழிகளுக்காக வருத்தப்பட்டதைவிட, தப்பு என்னுடையதல்ல என்ற நிம்மதிதான் எனக்கு அதிகமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த வாரம் அந்தக் கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தேன். குழாயிலிருந்து வரும் காற்றின் வெப்பநிலைக்கு அதில் ஒரு வரி உண்டு. இருபது டிகிரி என்று இருந்தது. இந்த ஆய்வுக்கூடத்துக் காற்று அது. ஆறு வருடமாக நான் அந்த வரியைத் தொட்டதே இல்லை. அன்றைய ராசிபுரத்து வெயிலுக்கு நாற்பத்திரண்டு என்று மாற்றி ஓட்டினேன். கோழியின் உடம்புச் சூட்டைவிட அது அதிகம். காற்று எவ்வளவு வேகமாக மோதியதோ அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கோழிமேல் ஏற்றியது. அந்தக் காற்றைக் குளிரவைத்துக்கொண்டிருந்ததே ஈரச் சாக்குதான்.

இங்ரிட் திரையை எட்டிப் பார்த்து, "தலைகீழாகப் போட்டுவிட்டாய். வருகிற காற்று சூடாக இருக்கிறதே?" என்றார்.

"அது எங்கள் ஊர்" என்றேன். நான் விளையாட்டாகச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். நடந்ததைச் சொன்னபிறகு சிரிப்பு நின்றது. எங்கள் குழுவில் பிழைகளை எழுதிவைக்க ஒரு பொதுக் கோப்பு இருக்கிறது. என்ன பிழை, யார் செய்தது என்று எழுத வேண்டும். "எழுதிவிடு" என்றார், கோபமே இல்லாமல். எழுதினேன். பிறகு அக்காவின் வீடியோவை இன்னொரு தடவை பார்த்தேன். கோழிகளுக்குப் பின்னால் நாலு ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன.

அக்காவைக் கூப்பிட்டேன். மாமாதான் எடுத்தார்.

"மாமா, அன்னிக்குக் கரண்டு போகலீங்க. என் கணக்குதான் தப்பு."

கோழிச் சத்தம் குறைந்தது, ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட்டார் போல.

"தெரியுமுங்க மாப்ள. உங்கக்காதான் கரண்டுன்னு சொல்லச் சொன்னா. அத்தன தூரத்துல இருக்கறவன், தனியாக் கெடந்து மருகுவான்னு."

"கோழியெல்லாம் போச்சுங்களே மாமா."

"போச்சுங்க" என்றார்.

பொதுக் கோப்பில் அந்தப் பிழைக்கு நேரே என் பெயர் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இங்கே யாருக்கும் என்மேல் வருத்தமில்லை. சின்ன வயதில் சைக்கிளைத் தொலைத்ததற்கு வாசலில் நிற்கவைத்து என்னைத் திட்டியவள் அக்கா. விருந்தாளி தட்டிவிட்ட தம்ளரைத்தான் "பரவால்லீங்க" என்று சொல்லி எடுத்து வைப்போம். இந்த ஊர்க்காரர்கள் என்னைத் தங்களில் ஒருவனாக நடத்துகிறார்கள், அக்கா என்னை விருந்தாளியாக்கிவிட்டாள். எனக்கு அவளிடம் திட்டு வாங்க வேண்டும்போல் இருக்கிறது.

இந்த ஏப்ரலில் நானாகவே கூப்பிட்டு வெயில் எப்படி என்று கேட்டேன்.

"பரவால்ல சாமி, இந்த வருசம் அத்தன இல்ல."

என் கைப்பேசி ராசிபுரத்துக்கு நாற்பத்தொன்று என்று காட்டிக்கொண்டிருந்தது. நல்லதுக்கா என்றேன்.